கேப்டனுக்கு ஒரு புகைக்குழாய்

ஆயிரம் ஆண்டுகளாக ஹைடா மக்கள் இந்தப் புனிதப் புகைக்குழாயின் வழியாகத்தான் தெய்வங்களோடு பேசி வந்திருக்கிறார்கள்.

கேப்டன் அப்படித்தான் சொன்னார். அரைகுறை ஹைடா மொழியில், தொப்பியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு.

அந்த வட அமெரிக்கத் தீவின் ஹைடாச் சிற்பி கறுப்பு மென்கல்லைச் செதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தான். வாயில் புகையிலை, கூடவே சிப்பிச் சுண்ணாம்பு. அவன் ஆட்கள் காலங்காலமாக மென்றுதான் பழக்கம். புகைத்துப் பார்த்ததெல்லாம் கப்பல்கள் வந்த பிறகு.

சொல்லலாம்தான். வாய் நிறைய எச்சில்.

கேப்டனுக்குக் குழாயில் திமிங்கிலம் வேண்டுமாம். அவன் வீட்டு முகப்புத் தூணில் செதுக்கியிருக்கிறதே, அதே திமிங்கிலம்.

அது அவன் தாய்வழிக் குடும்பத்தின் சின்னம். அதை விற்றவன் பெயரை அப்புறம் எந்த விருந்திலும் யாரும் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

எச்சிலைத் துப்பினான். "முடியாது."

கேப்டன் சிரித்தார். கரையில் நின்ற மாலுமிகளைக் கைகாட்டினார். அவர்கள் கையில் ரம்பம். காலைக்குள் குழாயில் திமிங்கிலம் வராவிட்டால், தூணையே அறுத்துக் கப்பலில் ஏற்றிவிடுவாராம்.

அவர் போனதும் அக்கா வெளியே வந்தாள்.

"ஏண்டா தம்பி, அந்த மனுசனுக்கு அவரு மூஞ்சியவிடப் பிடிச்சது உலகத்துல வேற ஏதாவது இருக்குமா?"

அவன் உளியை நிறுத்தினான்.

பிறகு வேகமாகச் செதுக்கினான்.

காலையில் ரம்பத்தோடு வந்த கேப்டனிடம் குழாயை நீட்டினான். நீளவாக்கில் ஒரு கப்பல். நடுவில் கேப்டன், கைப்பிடிச் சுவர்மேல் முன்னால் குனிந்து, தொலைநோக்கியில் கடலை அளந்துகொண்டிருந்தார். கோட்டின் பொத்தான்கள்கூடத் தப்பவில்லை. தொப்பையைக் கொஞ்சம் குறைத்திருந்தான்.

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திமிங்கிலம் அவருக்கு மறந்தே போனது. ரம்பம் படகுக்குத் திரும்பியது. தூண் நின்ற இடத்தில் நின்றது.

மாலுமிகளை அங்கேயே வரிசையாக நிறுத்தினார். சிற்பத்தின் தொப்பியில் இருந்த குழியில் புகையிலையைத் திணித்துப் பற்றவைத்தார். "தொன்மையான புனித வழக்கப்படி," என்று முழங்கிவிட்டு, கண்மூடி, குழாயில் உதடு பதித்தார்.

அக்கா திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

வாய் வைக்கும் துளை, குனிந்து நின்ற கேப்டனின் கால்சட்டைப் பின்புறத்தில் இருந்தது.