தெருமுனையில் நின்றவர்

இரண்டாவது வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது தன் அப்பா என்று.

கையிலிருந்த தாளில் பெயர் இல்லை. எழுத்துப் பயிற்சி வகுப்பில் அதுதான் வழக்கம். கதையை எழுதியவர் வாசிக்கக் கூடாது. மேடம் தாள்களைக் கலைத்து, கைக்கு வந்ததை யாரிடமாவது நீட்டுவார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்காமல், யாருடைய கதையையோ கேட்பதுபோல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்று அவளிடம் நீட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டிலுள்ள ரிப்பேர் வேலைகளை ஒன்றுவிடாமல் செய்கிறார். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார். குக்கர் கைப்பிடியை முடுக்குகிறார். ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்கிறார். மகள் திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே அலைகிறாள். மாதக்கணக்காகச் சொல்லியும் நடக்காதது இன்றைக்கு நடக்கிறதே என்று அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் அப்பா வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. மகள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தாள். குரலை எங்கேயும் இறங்க விடவில்லை.

இதை அவள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். விடுதியில் காய்ச்சலில் கிடந்தபோது, நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த அறைத்தோழியிடம்.

மற்ற எல்லோருக்கும் அவள் அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்குக்கூட ஏன் வருவதில்லை என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள்.

அறைத்தோழி ஜன்னலோரம் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சில இடங்களில் அவள் சொன்ன சொற்கள்கூட மாறவில்லை. 'அன்றைக்கு முழுக்க என் கையில் இரும்பு வாசனை' என்பது உட்பட.

கடைசி வரிக்கு வந்தாள்.

'தெருமுனையில் அப்பா நின்றார், திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்தார்.'

அதை இன்னொரு தடவை வாசித்தாள். இடம் தவறிவிட்டாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவன், கதை முடிந்துவிட்டது என்று காதோடு சொன்னான்.

பேச்சு தொடங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட இடம் பிரமாதம் என்றார்கள். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லையா, அவ்வளவு வெகுளியா என்று ஒருத்தி கேட்டாள். ஓடிப்போகிற ஆள் எதற்காகக் குழாயைச் சரிசெய்ய வேண்டும், நம்பும்படியாக இல்லை என்றான் ஒருவன்.

யார் எதை எழுதினாலும் காற்புள்ளி திருத்தியே 'கமா' என்று பெயர் வாங்கியவன் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான்.

"எங்க வீட்லயும் குழாய் ஒழுகுது மேடம். அந்த அப்பாவ ஒரு நாள் அனுப்பி வைக்கச் சொல்லுங்க."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

எழுதியது யார் என்று மேடம் கேட்டதும், அறைத்தோழி கையைப் பாதிதான் தூக்கினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். முன்னால் இருந்தவள் எட்டி அறைத்தோழியின் தோளைத் தொட்டாள். உன் வீட்டில் நடந்ததா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அறைத்தோழி தலையை எப்படியோ ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்டவர்கள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கமா எழுந்து மன்னிப்புக் கேட்டான்.

அறைத்தோழியின் அப்பா மாதம் தவறாமல் விடுதிக்கு வருகிறவர். இருவருக்கும் சேர்த்தே பழம் வாங்கி வருகிறவர். அந்த வகுப்பில் வேறு யாரும் விடுதியில் இல்லாததால் அது யாருக்கும் தெரியாது.

விதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் நாளே மேடம் பலகையில் எழுதிப்போட்டார். அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தால் வகுப்பிலிருந்து நீக்கம்.

ஆனால் அவள் எதையும் எழுதவில்லையே. சொல்லத்தானே செய்தாள். வாயால் சொன்னது யாருக்குச் சொந்தம் என்று பலகையில் இல்லை.

கையைத் தூக்கிக் கேட்கலாம். தூக்கினால், வெளிநாட்டில் இருக்கும் அப்பா இந்த அறையிலேயே காணாமல் போய்விடுவார்.

கதை இந்த வருடக் கல்லூரி மலரில் வரும் என்றார் மேடம். எழுதியவள் பெயரோடு, முதல் பக்கத்தில். ஒரே ஒரு திருத்தம்தான்.

"கடைசி வரி மட்டும் சினிமா மாதிரி இருக்கும்மா. அவர் பாட்டுக்குப் போகட்டும், அதுதான் உண்மையா இருக்கும். அத எடுத்துடு."

சரி மேடம் என்று அறைத்தோழி எழுந்து வந்து, தாளுக்காகக் கையை நீட்டினாள். காலையிலிருந்து அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள்.

அவள் தாளை விடவில்லை.

ஆளுக்கொரு முனையாக இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாசித்தவள் ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று மேடம் கேட்டார். சொல்லிவிடாதே என்று அறைத்தோழியின் கண்கள் கெஞ்சின.

"அந்த வரி இருக்கட்டும் மேடம்."

ஏன் என்று மேடம் கேட்டார். அவள் தாளை விட்டுவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்தில் அறைத்தோழி சொந்தமாக எழுதியது அந்த ஒரு வரியைத்தான்.