பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

பள்ளிக்கூடத்தை ஒட்டிய திராட்சைத் தோட்டத்தில் பம்புசெட் ஓடுகிறது, கரண்டு இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து சுகிர்தம் டீச்சரின் வகுப்பும் கரண்டும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம், இன்று வாய்த்திருக்கிறது. ஆனால் நாளை ஆயுத பூஜை. நாளைக்கு லீவு என்பதால் இன்று காலையிலேயே பள்ளியில் பூஜை முடிந்துவிட்டது. பெட்டிக்குச் சாமந்தி மாலை, கண்ணாடித் திரைக்கு விபூதிப் பட்டை, எழுத்துப் பொத்தான்களில் ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும். மாலைப் பூவிலிருந்து எழுந்த ஈ ஒன்று திரையில் நிதானமாக நடக்கிறது. அதை யாரும் தடுக்கவில்லை. "பூசையில வச்சத விசயதசமிக்குத்தான் எடுக்கணும், டீச்சர்," என்று ஹெட்மாஸ்டர் சுருளிவேல் கம்ப்யூட்டர் அறை வாசலை மறித்து நிற்கிறார். "போன வாரம் தூசி படியும்னு சொன்னீக, ஸார். அதுக்கு முந்தி இடி இடிக்கும்னு சொன்னீக." அவர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பிள்ளைகள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, வராந்தாத் தரையில் சாக்பீஸால் பொத்தான்களை வரைகிறார்கள். அதில் விரல் வைத்துப் பழகினால் போதும் என்கிறார் ஹெட்மாஸ்டர். அவர்களில் பவுனு என்ற சிறுமி கட்டம் கட்டமாக எழுத்தைப் போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பு சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்கிறாள். "பொட்டு எதுக்கு?" என்கிறார் டீச்சர். அவள் விரலைப் புள்ளிமேல் வைத்தபடி நிமிர்கிறாள். "பொட்டு இருக்குற எடத்துலதான டீச்சர் அமுக்கணும்?" தோட்டத்தில் பம்புசெட் நிற்காமல் ஓடுகிறது. "அமுக்கு ஆத்தா," என்கிறார் டீச்சர், ஹெட்மாஸ்டர் காதில் விழும்படி. "நல்லா அமுக்கு."