இங்கிலீஷ் சாரின் சிரிப்பு

செராமிக் கம்பெனி மண் காய்ந்த கையோடு பக்கிரி வூட்டுக்குள் நுழைந்து கத்தினான்.

“சாயந்திரம் பெரியவங்க கிளாஸுல அந்த இங்கிலீஷ் சாரு உன்னப் பாத்து எதுக்குடி சிரிச்சாரு?”

அவன் பெண்டாட்டி கமலம் உலையில் அரிசியைப் போட்டாள். “இந்த எடத்துல நிகழ்காலமா, எதிர்காலமான்னு கேட்டாரு. சரியாச் சொன்னேன், சிரிச்சாரு.”

“கையும் தட்டுனாரே!”

“அதுக்கு உனக்கு ஏன் மாமா வயிறு எரியுது?”

பக்கிரி விறுவிறுவென்று சார் வூட்டுக்கே போய்விட்டான். விஷயத்தைக் கேட்டதும் சார் பதறி எழுந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க பக்கிரி. கமலம் எனக்குத் தங்கச்சி மாதிரி.”

“அது தெரியுங்க சார். நானும் அதே கிளாஸுல ஆம்பளைங்க பக்கம் உக்காந்து கை தூக்கிக்கிட்டுத்தான இருக்கேன்? எனக்கு ஒருநாளாச்சும் கை தட்டுனீங்களா?” பக்கிரி குரலைத் தாழ்த்தினான். “நாளைக்குக் கேக்கப்போற கேள்விய இப்பவே சொல்லிடுங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க.”