சுண்டலுக்கு உப்பு

ஒரு சமையலறையில் உப்பு ஜாடியும், புதிதாக வந்த அளவுக் கரண்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிள்ளையாருக்குச் சுண்டல் செய்கிற நாளில் கரண்டிக்கு ஒரே பெருமை. படைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாதல்லவா?

"என்னை நம்பித்தான் இன்னைக்குச் சாமியே சாப்பிடணும். தலை தட்டி ஒரு கரண்டி. அதுதான் சரியான உப்பு" என்றது.

படையல் முடிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த பிள்ளை பெரியவன் ஒரு வாய் போட்டான். "என்னம்மா, இப்படிக் கரிக்குது!"

சின்னவள் சிரித்தாள். "உனக்கு நாக்கு செத்துப்போச்சாண்ணா? உப்பே இல்லையே!"

கரண்டிக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் சரியாத்தானே அளந்தேன்? இனிமே என்னைப் பரண்ல போட்டுடுவாங்களா?"

"அட அசடே" என்றது ஜாடி. "பெரியவனுக்கு ரத்தக்கொதிப்பு. அவன் வீட்டுல உப்பைக் குறைச்சு வருஷமாச்சு. சின்னவளுக்கு ஊறுகாய் இல்லாம சோறு இறங்காது. ரெண்டு பேரும் சொன்னது நிஜம்தான்."

"அப்போ நான் எதுக்கு?"



அடுத்த சதுர்த்தியன்று அம்மா அதே கரண்டியைத்தான் எடுத்தாள். தலை தட்டி அள்ளினாள். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "பிள்ளையாரப்பா, இன்னைக்கு நீதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பாதி உப்பைத் திரும்ப ஜாடியில் கொட்டினாள்.

முன்பென்றால் கரண்டி கத்தித் தீர்த்திருக்கும். இப்போது ஜாடியிடம் மெதுவாகக் கேட்டது:

"அக்கா, இன்னைக்குப் பெரியவன் மட்டும்தான் வர்றானா?"