வயிறு கட்டும் வேட்டி

"இந்த வயித்த வெட்டி எடுத்துவிட முடியுமா, டாக்டரம்மா?"

கேட்டவன் ரத்தினவேல். அறந்தாங்கி பஸ்ஸில் கண்டக்டர். டெரிலின் சட்டை, கழுத்தில் பவுடர்.

பக்கத்தில் அவன் மனைவி செவந்தி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

இரண்டு பிள்ளைகளையும் டாக்டர் ஆரோக்கியம்மாள்தான் வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தார். சின்னவன் இப்போது தவழ்கிறான். வயிறு மட்டும் உள்ளே போகவில்லை.

"திருவிழாவுல டிரைவரு கேக்குறாரு, என்னப்பா மறுபடியும் மாசமான்னு. நான் மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது? எங்காத்தாவும் தெனம் பழைய வேட்டிய வச்சு இறுக்கிக் கட்டிவிட்டுப் பாத்துருச்சு. மதுரையில வெட்டி எடுக்குறாகளாமே. இவதான் சொன்னா."

செவந்தி தரையைப் பார்த்தாள்.

சின்னவன் பிறந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார், இன்னொரு தடவை கிழித்தால் அவள் உயிருக்குப் பொறுப்பில்லை என்று. வீட்டுக்கு வந்து அவள் சொன்னதற்கு ரத்தினவேல் சிரித்தான். "எங்காத்தா ஒம்பது பெத்துட்டு இன்னமும் களை எடுக்குது" என்றான். அவள் பாயைத் தனியாகப் போட்டால் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"மதுரையில பண்றாங்க. ஆனா இப்ப தொடமாட்டாங்க" என்றார் டாக்டர். "இனிமே பிள்ளையே இல்லைன்னு ஆன பிறகுதான். நடுவுல ஒண்ணு உண்டாச்சுன்னா எல்லாம் மறுபடி தொங்கிப்போகும்."

"அப்ப இவளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டப் பண்ணிவிட்டுருங்க."

"சதை எடுக்கிறது மேலாக்க. இது உள்ளே போகணும். இவங்க வயித்துக்குள்ள இன்னொரு தடவை நான் கை வைக்க மாட்டேன். உங்களுக்குன்னா சின்ன வேலை. ரெண்டு மூணு நாள்ல டிக்கெட் கிழிக்கப் போயிடலாம்."

"நானா?"

வாசலில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாங்க டாக்டரம்மா" என்றாள் செவந்தி மெதுவாக. "அவுகளுக்குக் கத்தின்னா பயம். நான் இப்பிடியே இருந்துக்கிறேன். டிரைவரு மக கல்யாணத்துக்கும் இப்பிடியே வாரேன்."

"யாருக்குடி பயம்?"

ரத்தினவேல் எழுந்துவிட்டான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். சட்டையைக் கழற்றி அவள் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போனான்.

கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் கை கழுவ எழுந்தார். அவரும் செவந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது அவன் கால்களை அகற்றி வைத்து, பார்த்துப் பார்த்து நடந்தான். பின்னாலேயே வந்த நர்ஸ் சொன்னாள்:

"புண்ணு ஆறுறவரைக்கும் கோவணத்தை இறுக்கிக் கட்டியிருக்கணும். மூணு மாசத்துக்குத் தனித்தனிப் பாய், மறந்துறாதீங்க. துணி ஏதாச்சும் கெடக்காம்மா?"

"இருக்குங்க."

செவந்தி பையைத் திறந்தாள். மாமியார் அவள் வயிற்றைக் கட்டிவிடும் வேட்டிதான். கோவணத்துக்கு அளவாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, மாற்றிக் கட்டவும் சேர்த்து வைத்திருந்தாள். துவைத்து நீலம் போட்டிருந்தது.

நர்ஸ் துணியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ரத்தினவேல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான், "அப்ப மதுரைக்கு எப்பப் போகலாம்?"

"எதுக்குங்க?" என்றாள் செவந்தி.

பஸ் ஸ்டாண்டுவரை அவள் முந்தானையை இழுத்துவிடவில்லை. வயிறு முன்னே போக, அவள் பின்னே போனாள். அவன் ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.