மின்னல் கீறாத காலை

பூனையின் காது நுனியில் ஊசியைக் குத்திய எல்ஸிக்குத் திக்கென்கிறது. தட்டு விழுந்தாலே அலமாரி மேல் பாயும் மின்னல், இன்று துண்டுக்குள் துவண்டு கிடக்கிறது. ரத்தச் சொட்டைச் சர்க்கரை பார்க்கும் பட்டையில் தொட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பஞ்சால் துடைத்து, ஜன்னல் வெயிலில் டப்பாவின் வண்ணக் கட்டங்களோடு ஒத்துப் பார்க்கிறாள். தினமும் கரும்பச்சையாகும் பட்டை வெளிறி நிற்கிறது. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது.

"இன்சுலின் கூடப் போட்டுட்டியா?" என்று கணவர் மரியஜோசப் பதறுகிறார்.

"எட்டு மணிக்கு, டாக்டர் சொன்ன ரெண்டே யூனிட்லா! அதுக்கு ஏன் இப்படி?"

மருந்து மாறிவிட்டதா, கண் ஏமாற்றியதா, ஒன்றும் புரியவில்லை. இனிப்பான கெட்டிப் பாலை விரலில் எடுத்துப் பூனையின் ஈறில் தேய்க்கிறாள். குனோங் ராபாட் மலையிலிருந்து வரும் லாரிச் சத்தத்துக்கும் அதன் காது அசையவில்லை. மறுபடி தேய்க்கிறாள். சொரசொரத்த சின்ன நாக்கு மெல்ல விரலைத் தொடுகிறது.

வேலிக்கு அப்பால், தனக்கே தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் வீரம்மா சிரித்தபடி எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, இன்னிக்கு கீறல் வாங்காம தப்பிச்சீங்களா? பாவம் உங்க கைன்னு, ஏழு மணிக்கே நெத்திலிய காட்டி நானே அதுக்கு ஊசி போட்டுட்டேன்லா!"