கழுத்துக்கு இன்னொரு ரவுண்டு

"இன்னைக்கும் கழுத்தா!"

சைக்கிளை மரத்தில் சாய்த்த ஜோசபினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி ஆறரை.

கப்பன் பார்க் வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, சாலையைப் பார்த்தபடி சுந்தரராமன். மாநில அரசில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"ஒந்து, எரடு, மூரு..." என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார். "வாம்மா, சேர்ந்துக்கோ. உடம்பு சூடாகாம பெடல் மிதிச்சா முட்டி போயிடும்."

"நீலசந்திராவுல இருந்து மிதிச்சிக்கினுதான் சார் வரேன். இதுக்கு மேல சூடானா என் தலையிலயே இட்லி வேகும்."

வரிசையில் நின்ற ராம்கி களுக்கென்று சிரித்தான். ஐ.டி. கம்பெனிக்காரன். "உங்களுக்காவது இட்லி. எங்களுக்குக் கழுத்தே கழண்டுடும்போல இருக்குக்கா!"

"பேசாம சுத்துப்பா. அடுத்தது தோள்," என்றார் சுந்தரராமன்.

தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று எல்லாம் முடிந்து கிளம்பும்போது வெயில் வந்துவிட்டது. ஹெப்பாள் ஏரிவரை போவதாகப் பேச்சு. வழக்கம்போலப் பாதி வழியிலேயே திரும்பினார்கள். ஜோசபின் இன்னும் அந்த ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் எரிச்சலிலும் நியாயம் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர் வேலை. ஞாயிறன்று வீட்டுக்காரர் பீன்யாவில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் படுத்த பிறகுதான் அவளால் கிளம்ப முடியும். திரும்பியதும் சர்ச். நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம். அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதைப் போய்க் கழுத்தைச் சுற்றியே தீர்த்தால்?

ஆனால் ஒரு விஷயத்தில் சுந்தரராமன்மேல் அவளுக்கு மதிப்பு இருந்தது. சேர்ந்த அன்றே சொல்லியிருந்தாள்.

"நான் லேட்டாதான் வருவேன் சார். எனக்காக யாரும் காத்துக்கினு இருக்கக் கூடாது. இருந்தா எனக்கு அசிங்கமா போயிடும், அப்புறம் வரவே மாட்டேன்."

"நாங்க யாருக்காகவும் காத்துண்டு நிக்கறதில்லம்மா. ஆறுன்னா ஆறு."

அந்தக் கறார் அவளுக்குப் பிடித்துப்போனது. அவளும் அந்த ஜாதிதான். அவள் லைனில் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் வருகிறவள் யாராக இருந்தாலும் வெளியேதான். நேற்று சனிக்கிழமைகூட, ஆனேக்கல்லிலிருந்து வரும் முனிலட்சுமி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"பஸ் லேட்டு மேடம்..."

"பஸ்ஸைக் கேட்டா உன்னை வேலைக்கு எடுத்தோம்? அரை நாள் லீவு. போய்ட்டு மதியம் வா."

அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே போய் நின்று அழுதது. ஜோசபின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்குதான்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரருக்கு வார விடுமுறை வந்தது. ஜோசபின் விடிவதற்குள் கிளம்பிவிட்டாள். நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான். ஒன்று இந்தக் கூத்தைக் குறைக்கட்டும், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு நின்றுகொள்வோம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவளைப் பார்த்ததும் சுந்தரராமன் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! இன்னைக்கு நீதான் ஃபர்ஸ்ட்டா!"

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்தார். கழுத்து, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை.

"சரி, கிளம்பலாம்," என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

ஜோசபினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒத்திகை பார்த்த வசனத்தை விட்டுவிட்டு அவர் சைக்கிளுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"சார், அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. அஞ்சு நிமிஷம் போறும்."

"அப்ப வாரா வாரம் அந்த அரை மணி நேரம்?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்த ராம்கி வாயை அடக்கவில்லை.

"அதான் நீங்க வந்துட்டீங்களேக்கா!"

சுந்தரராமன் அவனைப் பார்த்து முறைத்தார். பிறகு அவசரமாகக் குனிந்து, நன்றாகவே இருந்த டயரை அமுக்கிக் காற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஹெப்பாள் ஏரிவரை போனார்கள். தண்ணீர், பறவைகள், அந்தக் காலை வெளிச்சம். இத்தனை நாள் இவர்கள் இதை விட்டுக்கொடுத்தது யாருக்காக என்று நினைத்தபோது ஜோசபினுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நல்லவேளையாக அவள் கடைசியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை. ஃபேக்டரியில் மணி அடித்தது. லைனில் ஒரு மெஷினுக்கு முன்னால் ஆள் இல்லை. மற்றவர்களின் கைகள் சுவிட்சுக்குப் போயின.

"நில்லுங்க, மெஷின் போடாதீங்க!" என்றாள் ஜோசபின். "நாள் பூரா குனிஞ்சே தைக்கிறீங்க. முதல்ல உடம்பு சூடாகணும். எல்லாரும் எழுந்திரிங்க, கழுத்தைச் சுத்துங்க. ஒந்து, எரடு, மூரு..."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே எழுந்தார்கள்.

"எவ்ளோ நேரம் மேடம் சுத்தணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்," என்றாள் ஜோசபின், ஆனேக்கல் பஸ் வந்து நிற்கும் கேட்டைப் பார்த்தபடி.